அத்தை, உங்க கார்டிகன் கையப் பிரிச்சுட்டேன்

அன்புள்ள அத்தைக்கு,

வாட்ஸ்அப்லயே சொல்லிருக்கலாம், ஆனா நீங்க உடனே வீடியோ கால் போடுவீங்க, நான் முழிக்கிற முழியிலயே கண்டுபுடிச்சுடுவீங்க, அதான் இங்க எழுதறேன். எப்படியும் இந்த பிளாக்கைப் படிக்கிறது நீங்களும் இன்னும் நாலு பேரும்தான்.

இன்னிக்கு நவம்பர் 20. மாமா டிசம்பர் 6 ராத்திரி மெட்ராஸ்ல பிரான்சுக்கு ஃப்ளைட் ஏறாரு. அதுக்குள்ள முடிக்க வேண்டியது என்னன்னா, பாப்பாவுக்கு ஸ்வெட்டர் (பொறக்கறது ஜனவரிலதான், ஆனா நம்ம வீட்ல இப்பவே பாப்பாதான்), டில்லிக்கு டிரெய்னிங் போற தம்பிக்கு மஃப்ளர், கிறிஸ்துமஸ் விற்பனைக்குன்னு கான்வென்ட் சிஸ்டர் கேட்ட ஆறு குல்லாவுல மிச்சம் ரெண்டு, அப்புறம் 2023ல ஆரம்பிச்ச உங்க கார்டிகன். நாலு பை, நாலு ஜோடி ஊசி. எதைக் கையில எடுத்தாலும் மத்த மூணும் என்னையே பாக்கற மாதிரி இருக்கு.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பீச் ரோட்டுக்குப் போயிடறேன், ஆறு மணிக்கு மேல வண்டி விடமாட்டாங்கல்ல, காந்தி சிலை தாண்டி ஒரு ஓரமா உக்காந்துகிட்டா நாப்பது நிமிஷம் நிம்மதியா பின்னலாம். நிம்மதின்னு சொல்றேனே தவிர, போறவங்க வர்றவங்க எல்லாம் "இந்த ஊர்ல யாருக்கும்மா ஸ்வெட்டர்"னு கேக்காம போறதில்ல. ஒரு சுண்டல்கார அண்ணன் மட்டும்தான் "பிரான்சுக்கா?"ன்னு கரெக்டா கேட்டாரு. பாண்டிக்காரர்! கடல்காத்து வேற, உள்ளங்கை பிசுபிசுன்னு ஆகி கண்ணி ஊசிய விட்டு நகரவே மாட்டேங்குது, பவுடர் போட்டுகிட்டுதான் பின்றேன்.

பாப்பா ஸ்வெட்டருக்கு கணக்கு போட்டுதான் இறங்கினேன் அத்தை, திட்டாதீங்க. அம்மா ஆறு மாச சைஸ் போடுன்னாங்க, கொழந்தை வளர்ந்துடுமாம். ஜனவரில பொறந்தா ஆறு மாசம்னா ஜூலை, அங்க அப்போ வெயில் காலம், யாரு போடுவா? அதனால மூணு மாச சைஸ். உடம்புக்கு சுத்தி 88 கண்ணி, 72 வரிசை. கை ஒண்ணுக்கு சராசரியா 40 கண்ணி, 44 வரிசை. எல்லாம் கூட்டினா 9,856 கண்ணி. நிமிஷத்துக்கு 20 கண்ணின்னு வச்சா எட்டே கால் மணி நேரம், என் பீச் கணக்குல பன்னெண்டு பதிமூணு நாள். உடம்பு முடிஞ்சுது, ஒரு கையும் முடிஞ்சுது. இன்னும் ஒரு கை, ஒன்றரை மணி நேர வேலை, அவ்ளோதான்.

நூல் தீந்துபோச்சு.

உங்க கார்டிகனுக்கு மொத்தமா வாங்கின சந்தன கலர் நூல்ல மிஞ்சினதுதான் அது. சாயம் போட்ட லாட் நம்பர் பாக்கலாம்னா லேபிளே இல்ல. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்துச்சே, ஒரே நாள்ல 48 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அன்னிக்கு கட்டிலுக்கு அடியில இருந்த பையில தண்ணி ஏறி காகிதம்லாம் கூழாயிடுச்சு. சாம்பிளுக்கு ஒரு துண்டு எடுத்துகிட்டு நேரு வீதில கடைக்குப் போனேன். டியூப்லைட் வெளிச்சத்துல அச்சு அசல் அதே கலர். வாசலுக்கு வந்து வெயில்ல வச்சு பாத்தா ஒண்ணு சந்தனம், இன்னொண்ணு பழுப்பு. கடைக்காரரே சிரிச்சுட்டு, சாயம் லாட்டுக்கு லாட் மாறும்மா, ஒரு கை மட்டும் வேற கலரா தெரியும்னுட்டாரு.

அன்னிக்கு ராத்திரி உங்க கார்டிகன எடுத்து மடியில வச்சுகிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். முதுகு முடிஞ்சிருக்கு, முன்பக்கம் ரெண்டும் முடிஞ்சிருக்கு, ஒரு கை முழுசா இருக்கு. மணிக்கட்டுலேருந்து மேல பின்னின கைங்கறதால பிரிச்சா தோள்பட்டைலேருந்துதான் பிரியும், உங்களுக்குத் தெரியாததா. கடைசி கண்ணிய அவுத்துவிட்டு நூல இழுத்தேன், டுர்ருன்னு வரிசை வரிசையா வந்துச்சு, பாவி, ரெண்டு மாசம் பின்னினது பத்தே நிமிஷத்துல. முழங்கை வந்ததும் நிறுத்திட்டேன்.

பிரிச்ச நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டு கெடந்துச்சு, அப்படியே பின்னினா கண்ணி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா வரும். நாற்காலி முதுகுல சுத்தி, நாலு எடத்துல தளர்வா கட்டி, வெதுவெதுப்பான தண்ணில ஊறவச்சு, கீழ ஒரு டம்ளர கட்டித் தொங்கவிட்டேன். அக்ரிலிக்குங்கறதால இஸ்திரிப் பெட்டிய கிட்டயே கொண்டுபோகல, சூடு பட்டா வழவழன்னு தொங்கிப்போகும்னு குருசுக்குப்பம் வீட்டுத் திண்ணைல நீங்க சொல்லிக்குடுத்தது ஞாபகம் இருக்கு. ஆனா இந்த மழைல எங்க காயுது? அடுப்படில தொங்கவிட்டு மூணு நாள் ஆச்சு, நடுவுல அம்மா வஞ்சிரம் வறுத்துட்டாங்க, மறுபடி அலசித் தொங்கவிட்டிருக்கேன்.

பாப்பா ஸ்வெட்டர் வந்துடும் அத்தை, கவலைப்படாதீங்க. தம்பி மஃப்ளர் ஒரு முழம் குறையும், அவன் கழுத்துக்கு அது போதும். குல்லா ரெண்டையும் அம்மா எடுத்துகிட்டாங்க. உங்க கார்டிகனுக்குதான் முழுக்கைக்கு நூல் பத்தாது, ரெண்டு பக்கமும் அரைக்கை போட்டா சரியா வரும், ஆனா அது இந்தப் பொட்டில வராது, அடுத்த தடவை யாரு வர்றாங்களோ அவங்ககிட்டதான். அரைக்கை ஓகேவா? ஓகேன்னா மட்டும் மெசேஜ் போடுங்க, கால் வேணாம்.

மாமாகிட்ட மட்டும் இப்போ சொல்லிடாதீங்க. கார்டிகன் வரலன்னு தெரிஞ்சா அந்த எடத்துல இன்னும் ஒரு கிலோ வடவத்தைத் திணிச்சுடுவாரு, அப்புறம் பாப்பா ஸ்வெட்டரும் வடவம் வாசனையோடதான் வந்து சேரும்.