அயன் பகுதிக்கு வந்த மின்விசிறி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வேளாண்மை வெட்டு முடிந்துவிட்டதா? இங்கே மட்டக்களப்பில் கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, வீடெல்லாம் மண்.

எங்கள் கார்மென்ட்ஸில் தொழிற்சங்கம் தொடங்கும் கதையைக் கேட்டிருந்தாய். துணி அயன் பண்ணும் பகுதிக்கு மின்விசிறி வந்துவிட்டது! அங்கே வேலை செய்யும் பெண்பிள்ளைகள் இரண்டு வருசமாகக் கேட்டும் காசில்லை என்றவர்கள், சங்கப் பேச்சு காதில் விழுந்த மூன்றாம் நாளே ஆறை இறக்கினார்கள். மாட்டியதே நான்தான். பெட்டியில் இருந்த பற்றுச்சீட்டில் அதற்கு முந்தின நாள் திகதி.

அப்புறம் பெரிய மனேஜர் கன்டீனுக்கே வந்துவிட்டார். படுவான்கரை பஸ்ஸில் வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சோறும் சொதியும் சாப்பிட்டார். ஒவ்வொருத்தியிடமும் பெயர், ஊர் விசாரித்தார். "நாமெல்லாம் ஒரே குடும்பம், இடையில் வெளியாள் எதற்கு?" என்றார். பின்னால் ஒரு பெட்டை கொப்பியில் எழுதிக்கொண்டே நின்றாள். எந்த வீட்டில் மச்சான் சாப்பாட்டு நேரம் கொப்பி விரிக்கிறார்கள்?

ஓடர் பங்களாதேசுக்குப் போய்விடும் என்று வெருட்டியதும் உண்டு. அதற்கு யாரும் அசையவில்லை. ஆனால் மின்விசிறி சுழன்ற பிறகு மூன்று பிள்ளைகள் வந்து, "ஐயா பாவம், சங்கப் பட்டியலில் எங்கள் பெயரை வெட்டிவிடுங்கள் அண்ணா" என்றார்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

7 பேர் இருந்தாலே சங்கத்தைப் பதிய விண்ணப்பிக்கலாம், அது 1935இன் சட்டம். ஆனால் முதலாளி பேச மாட்டேன் என்று மறுக்க முடியாதபடி செய்ய, நூற்றுக்கு 40 பேர் உறுப்பினராக வேண்டும். 1999இல் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில் சேர்த்த பிரிவு அது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையால் நிறுத்தக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. எங்களில் 600 பேர், அப்படியென்றால் 240 கையெழுத்து. நாங்கள் 170ஐத் தாண்டிய கிழமையே, ஊழியர் மன்றம் ஒன்றைத் தாங்களே அமைத்துத் தருவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நம் கணக்கை அவர்களும் எண்ணுகிறார்கள் போல.

உன் அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் சங்கத்தில் இருந்தவர்தானே. பெயர்ப் பட்டியலை அந்தக் காலத்தில் யார் வீட்டில் வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுது. இப்போது அது எங்கள் அரிசி வாளிக்குள் கிடக்கிறது, அம்மாவுக்கும் தெரியாது.

அன்புடன்,
உன் மச்சான்