கூடு இருக்கும் இடத்தை அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மாவட்டக் குளங்களுக்கு வரும் அபூர்வப் பறவைகளைப் பற்றி நீங்கள் போடும் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்து இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இமயமலையைத் தாண்டி வந்த பறவையை நம் ஊர்க் குளத்தில் பார்ப்பது சின்ன விஷயமா? இப்படிப்பட்ட செய்திகளில் ஊர்ப் பெயர், குளத்தின் பெயர் எல்லாம் தாராளமாகப் போடுங்கள்.

கூடு கட்டியிருக்கும் பறவை என்றால் மட்டும் இடத்தைச் சொல்லாதீர்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றில், அல்லி இலைகளுக்கு நடுவே நீளவால் இலைக்கோழி முட்டையிட்டிருந்தது. மிதக்கும் இலை மேல் நான்கு முட்டைகள், செம்பு நிறத்தில் பளபளவென்று. இந்த இனத்தில் அடைகாப்பது, குஞ்சுகளை வளர்ப்பது எல்லாமே ஆண்தான். பெண் முட்டையிட்டுவிட்டு வேறொரு ஆணைத் தேடிப் போய்விடும். கரையில் இருந்து பைனாகுலரில் நாலு நாள் பார்த்தேன். அந்த ஆண் உச்சி வெயிலிலும் முட்டைகளை விட்டு அதிக நேரம் விலகவில்லை. சந்தோஷம் தாங்காமல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் படத்தையும், போகிற வழியையும் போட்டேன். அது நான் செய்த தப்பு.

அந்த வார இறுதியில் ஆறேழு பேர் பெரிய கேமராக்களோடு வந்தார்கள். கரையில் இருந்து எடுத்த படம் போதவில்லை என்று மூன்று பேர் தண்ணீரில் இறங்கினார்கள். இன்னொருவர் ட்ரோன் பறக்கவிட்டார். ஆண் பறவை எழுந்து கத்திக்கொண்டே சுற்றியது. அவர்கள் போய் வெகுநேரம் ஆகியும் கூட்டுக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலையில் நான் போனபோது முட்டைகளும் இல்லை, பறவையும் இல்லை. காகம் எடுத்ததா, தண்ணீர் அலம்பி முட்டை உருண்டதா என்று எனக்குத் தெரியாது. அந்த வழியைச் சொன்னது நான் என்பது மட்டும் தெரியும்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பறவை மேல் ஆசை உள்ளவர்கள்தான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் ‘வேட்டை’ என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே வருகிறது. இதை அவர்களிடம் சொல்ல யாரும் இல்லை.

கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டுகின்றனவே என்று சிலர் கேட்கலாம். திருப்புடைமருதூரில் கோயிலை ஒட்டிய மரங்களிலும் அப்படித்தான். 2005-இல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அந்த இடத்தை அறிவித்தார்கள். அங்கெல்லாம் பறவைகள் உயரமான மரத்தில் கூட்டமாக அடைகின்றன. ஊர்க்காரர்களும் தலைமுறை தலைமுறையாக அவற்றைத் தங்கள் பிள்ளைகள் மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்கள். காய்ந்த குளத்துத் தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக்கும், இலை மேல் முட்டையிடும் இலைக்கோழிக்கும் அந்தக் காவல் கிடையாது. ஆள்காட்டியின் முட்டை மண்ணாங்கட்டி மாதிரியே இருக்கும். காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பார்த்ததை யாரும் பதிவு செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நானும் குளம் குளமாகப் போய் எண்ணுகிறவன்தான். எது எங்கே குஞ்சு பொரிக்கிறது என்ற விவரம் குளத்தைக் காப்பாற்றவே உதவும். அது ஆய்வாளர்களிடமும் வனத்துறையிடமும் இருக்கட்டும். செய்தியில் ‘நெல்லை மாவட்டக் குளம் ஒன்றில்’ என்று போட்டாலே வாசகருக்குப் போதும். அப்புறம் இன்னொன்று. முட்டையும் குஞ்சுமாகக் கூட்டைக் கிட்டத்தில் போய் எடுத்த படங்களை அச்சிடாதீர்கள். பல வனவிலங்குப் புகைப்படப் போட்டிகளில் இப்போது கூட்டுப் படங்களை வாங்குவதே இல்லை. உங்கள் பத்திரிகையும் அப்படி அறிவித்தால் இங்கே படம் எடுக்கும் இளைஞர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

இந்த வருஷமும் நீளவால் இலைக்கோழிகள் வந்திருக்கின்றன. கரையில் நின்றுதான் பார்க்கிறேன். எந்தக் குளம் என்று இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வீரவநல்லூர்.