மொழியில் தொடங்கிய ஆய்வு

அன்பிற்கினிய நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண்புரைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது பொடி எழுத்தையும் சிரமமின்றிப் படிக்கிறேன். உங்கள் மகள் பண்டைக் கிரேக்கத் தத்துவத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரவிருக்கிறாள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் நல்ல மொழிபெயர்ப்பில் கிடைக்கும்போது கிரேக்க மொழியைக் கற்க இரண்டு மூன்று ஆண்டுகளைச் செலவிடத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். அதற்கான காரணத்தை, நான் பெரிதும் மதிக்கும் பண்டைக் கிரேக்க ஆய்வாளர் வால்ட்டர் பூர்கெர்ட்டின் ஆய்வு வாழ்க்கையைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

1931இல் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்த அவர், எர்லாங்கனிலும் மியூனிக்கிலும் செவ்வியல் மொழிகளையும் வரலாற்றையும் தத்துவத்தையும் சேர்த்தே படித்தார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், பண்டைக் கிரேக்கர்கள் இரக்கத்தை எவ்வாறு எண்ணினார்கள் என்பது. பெர்லினில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1969 முதல் 1996 வரை சூரிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், 2015இல் மறைந்தார்.

1962இல் வெளிவந்த அவருடைய முதல் பெரிய நூல் பிதாகரஸைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் செங்கோண முக்கோணத்தோடு சேர்த்துப் படித்த அதே பிதாகரஸ்தான். அவருடைய வாழ்க்கையை விரிவாகச் சொல்லும் பார்ஃபிரியும் இயாம்ப்ளிக்கஸும் அவருக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் பிற்பட்டவர்கள். அவர்களை அப்படியே நம்பிவிடாமல், காலத்தால் முந்திய சான்றுகளைப் பூர்கெர்ட் வரிவரியாகப் பிரித்து ஆராய்ந்தார். அங்கே தென்படுபவர் மறுபிறவியைப் போதித்த ஞானாசிரியர். அவரைப் பின்பற்றியவர்களுக்கு விலக்க வேண்டிய உணவும் விலக்க வேண்டிய நடத்தையும் உண்டு. அடிபடும் நாய்க்குட்டியின் குரலில் தன் நண்பனின் உயிரை அடையாளம் கண்டு, ‘அடிக்காதே’ என்று அவர் தடுத்ததாக, அவர் காலத்துக் கவிஞர் சீனோஃபனீஸ் நையாண்டி செய்கிறார். கணித மேதை என்ற உருவம் பெருமளவுக்குப் பிளேட்டோவின் மாணவர்கள் தங்கள் கருத்துகளை அவர்மேல் ஏற்றியதால் எழுந்தது என்பது பூர்கெர்ட்டின் முடிவு. எந்த வரி யாருடையது, எந்தக் காலத்தின் நடை என்று பிரித்தறியும் மொழிப்பயிற்சி இல்லாதவரால் இந்த முடிவை எட்டியிருக்கவே முடியாது. மொழிபெயர்ப்பில் எல்லா நூற்றாண்டுகளும் ஒரே குரலில்தான் பேசுகின்றன.

அடுத்து அவர் சமயத்துக்கு வந்தார். 1972இல் வெளியான நூலில் கிரேக்கரின் உயிர்ப்பலியை அவர் விவரிக்கும் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஊர்வலத்தின் முன்னால் ஒரு பெண் கூடையைச் சுமந்து வருவாள். அதிலுள்ள வாற்கோதுமை மணிகளுக்கு அடியில் கத்தி மறைந்திருக்கும். விலங்கின்மேல் நீர் தெளிப்பார்கள். அது தலையசைத்தால் சம்மதித்ததாகக் கொள்வார்கள். வெட்டு விழும்போது பெண்கள் உரக்கக் குரலெழுப்புவார்கள். மஞ்சள் நீர் தெளித்து, கிடாய் உடலைச் சிலிர்த்துக்கொள்ளும்வரை காத்திருந்து, குலவையிடும் நம் ஊர்க் கோயில் கொடை உங்களுக்கும் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் கிரேக்கம் என்றதும் பளிங்கையும் பகுத்தறிவையும் மட்டுமே எண்ணிப் பழகிய எனக்கு, சாக்ரடீஸ் நடந்த தெருக்களில் இந்த இரத்தமும் குலவையும் இருந்தன என்பது பெரிய திறப்பாக இருந்தது. விலங்கின் சம்மதம், மறைத்த கத்தி ஆகியவற்றைப் பற்றிய அவருடைய விளக்கத்தைப் பின்வந்த சிலர் வலுவாக மறுத்திருக்கிறார்கள். அவர்களும் சான்றுகளுக்குத் திரும்பிச் சென்றே மறுத்தார்கள்.

பிறகு அவர் பார்வை கிழக்கே திரும்பியது. ஹோமரின் இலியட் காவியத்தின் 15ஆம் காண்டத்தில், வானமும் கடலும் பாதாளமும் மூன்று சகோதரர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டதாக, அவர்களில் ஒருவனான கடல் தெய்வம் பொசைடன் சொல்கிறான். இன்னொரு பழங்கவிஞரான ஹீசியட்டிலோ, தேவர்கள் வேண்டிக்கொள்ள அவன் சகோதரன் சூஸ் அரசனாகிறான்; அங்கே சீட்டு இல்லை. ஆனால் பண்டை மெசபட்டோமியாவின் அக்காடிய மொழியில் உள்ள அத்ரகாசிஸ் காவியத் தொடக்கத்தில் அனு, என்லில், என்கி ஆகிய மூன்று தெய்வங்களும் இப்படியே சீட்டுப்போட்டு உலகைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இத்தகைய ஒப்புமைகளை அடுக்கி, கிரேக்கம் தானே முளைத்துத் தானே வளர்ந்த அதிசயம் என்று நெடுங்காலம் நிலவிய நம்பிக்கையை 1984இல் வெளியிட்ட நூலில் அவர் அசைத்தார்.

தத்துவம், சமயம், மொழி என்று பல்கலைக்கழகங்கள் மூன்று துறைகளாக்கி வைத்திருப்பவை அந்த மக்களிடம் ஒன்றாகவே இருந்தன. ஆகவே உங்கள் மகள் அவசரப்படாமல் முதலில் இலக்கணத்தை முடிக்கட்டும். பிறகு எளிய நடைக்கு வரலாற்றாசிரியர் செனோஃபனையும், அதன்பின் பிளேட்டோவின் சாக்ரடீஸ் வழக்குரையையும் மூலத்தில் படிக்கட்டும். ஆய்வுத் தலைப்பை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். என்னிடம் லிடெல்–ஸ்காட் கிரேக்க அகராதியின் இடைநிலைப் பதிப்பு இருக்கிறது. அவள் எந்த ஊரில் தங்கப் போகிறாள் என்று எழுதினால், அங்கேயே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்