ஒரு ரொம்ப போதும்

கோவில்பட்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கடலைமிட்டாய் இரண்டு கிலோ அனுப்பியிருக்கிறோம். அதில் ஒரு கிலோ மருமகள் பங்கு, மறந்துவிடாதே. அவளுக்கு இன்னும் நைட் ஷிஃப்ட்தானா? நாங்கள் கூப்பிடும்போதெல்லாம் தூங்குகிறாள் என்கிறாய். மூன்று மாதமாகிறது. சரி, வேலை என்றால் அப்படித்தான். காரில் ஒரு கம்பளி எப்போதும் கிடக்கட்டும். பனியில் வண்டி மாட்டிக்கொண்டால் எஞ்சினை ஓட விட்டு உட்காராதே. சைலன்சரைப் பனி அடைத்திருந்தால் புகை உள்ளே வந்துவிடும் என்று படித்தேன்.

எழுத வந்தது வேறு. போன ஞாயிறு பேசி முடித்ததும் போனை வைத்துவிட்டதாக நீ நினைத்தாய். வைக்கவில்லை. திரையில் உன் வீட்டுக் கூரையும் அதில் பச்சையாக மினுக்கும் புகை அலாரமும் தெரிந்தன. யாரோ வந்திருந்தார் போல. அவரிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. உடனே அணைத்துவிட்டேன்.

அந்த வாக்கியம் 'ஆஸ் ஹெல்', அதாவது 'நரகம் போல', என்று முடிந்தது. அதற்கு முன்னால் வந்த பெயரடை என்னவென்பது இப்போது வேண்டாம். முதலில் இலக்கணம். முப்பத்திரண்டு வருஷம் அதைத்தானே செய்தேன்.

'ஆஸ்... ஆஸ்...' என்றால் உவமை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தியவன் நான். 'டெட் ஆஸ் எ டோர்நெயில்', கதவு ஆணி மாதிரி செத்தது. 1843-ல் டிக்கன்ஸ், கதவு ஆணியைவிடச் சவப்பெட்டி ஆணிதானே இன்னும் செத்தது என்று கேலி செய்திருக்கிறார். அதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் சிரிக்கும். நரகமும் முதலில் அப்படி ஒழுங்கான உவமையாகத்தான் இருந்தது. 1609-ல் அச்சான ஷேக்ஸ்பியரின் 147-ஆம் சானட்டில் காதலியை நரகம் போல் கருத்தவள், இரவு போல் இருண்டவள் என்கிறார். நரகம் கருப்புதான், ஒப்புக்கொள்ளலாம். 'ஹாட் ஆஸ் ஹெல்' என்றாலும் சரி, அங்கே எண்ணெய்க் கொப்பரை கொதிக்கிறது. ஆனால் 'கோல்ட் ஆஸ் ஹெல்' என்கிறார்களே! முதன்முதலில் அதைப் படித்தபோது சிவப்பு மையில் வட்டம் போட்டேன். இத்தாலியக் கவி தாந்தே பாடிய நரகத்தில் அடித்தட்டு முழுக்க உறைந்த ஏரி என்று அப்புறம்தான் தெரிந்தது. இருந்தாலும் குளிரில் நடுங்கிக்கொண்டு அப்படிச் சொல்கிறவன் தாந்தேயை நினைத்தா சொல்கிறான்?

நீ அனுப்பிய போட்டோ நினைவிருக்கிறதா? உங்கள் மிச்சிகனிலேயே ஆன் ஆர்பருக்கு வடமேற்கே 'ஹெல்' என்று ஒரு குக்கிராமம், குளிர்காலத்தில் அது நிஜமாகவே உறைந்துபோகும் என்று எழுதியிருந்தாய். நீங்கள் இரண்டு பேரும் அந்த ஊர்ப் பலகைக்குக் கீழே நிற்கிறீர்கள். அவள் உன் மப்ளரைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். அந்தப் படம் இன்னும் டிவி மேல்தான் இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் துடைக்கிறாள்.

என்ன சொல்ல வந்தேன்? ஆங். அது இப்போது உவமையே இல்லை. முதல் 'ஆஸ்' எப்போதோ விழுந்துவிட்டது, யாரும் தேடவில்லை. மிஞ்சியதைப் பெயரடைக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டிவிடுகிறார்கள். 'வெரி' முன்னால் வரும், இது பின்னால். எந்தப் பெயரடை என்றும் பார்ப்பதில்லை: ஃபன்னி ஆஸ் ஹெல், ஸ்மார்ட் ஆஸ் ஹெல். நரகத்தில் என்ன வேடிக்கை, என்ன அறிவு? அர்த்தம் கரைந்து மிகுதி மட்டும் நிற்கிறது. நாமும் பேய்மழை என்கிறோம், எந்தப் பேயும் மனதில் வருவதில்லையே. நன்னூல் 'சால, உறு, தவ, நனி, கூர், கழி' என்று மிகுதிக்கு ஆறு சொல் தருகிறது. இப்போது 'செம' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமாக இருக்கிறது.

இன்னொன்று கேட்டால் சிரிப்பாய். போன மாதம் குடும்பக் குரூப்பில் நீ 'டயர்ட் ஏ.எஃப்.' என்று போட்டாய். நான் 'ஆஃப்டர்நூன்' என்று எடுத்துக்கொண்டு, மத்தியானம் கொஞ்சம் படுத்து எழு என்று பதில் எழுதினேன். உன் அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அர்த்தம் சொன்னாள். அதுவும் இதே 'ஆஸ்'தான், நரகம் இருந்த இடத்தில் கெட்ட வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நரகத்தையே வாயில் எடுக்கக் கூசுகிறவர்களுக்கு 'ஹெக்' என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம். நீ அதையாவது சொல்லலாம்.

உன் ஆங்கிலம் இன்றைக்கு என்னுடையதைவிட நல்ல ஆங்கிலம். நான் அகராதியிலிருந்து எடுத்தது, நீ தெருவில் புழங்கி எடுத்தது. தெருவில் எல்லாரிடமும் இதைச் சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். 'வெரி' போட்டு மேலதிகாரிக்குக் கடிதம் எழுதலாம், 'ஆஸ் ஹெல்' போட்டு எழுத முடியாது. நெருங்கினவர்களிடம்தான் வரும். அப்படியானால் அன்றைக்கு வந்தவர் உனக்கு நெருங்கினவர். யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் நான் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு 'பரவாயில்லப்பா' என்றாய்.

ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. காரில் கம்பளி வைத்தாயா?

தம்பி, இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இலக்கணம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ எட்டாவது படிக்கும்போது, அரையாண்டுத் தேர்வு சமயம். நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து 'ரொம்ப ரொம்ப வலிக்குதுப்பா' என்றாய். நான் நிமிரவில்லை. 'ஒரு ரொம்ப போதும். எங்க வலிக்குதுன்னு ஒழுங்காச் சொல்லு' என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய். விடிகாலையில் அம்மா தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. மதுரைக்குக் கொண்டுபோனபோது குடல்வால் வெடித்துவிட்டிருந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய்.

இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் என்ன சொன்னேன் என்பது. 'பையன் வலிக்குதுன்னு சொல்லவே இல்ல, அவ்வளவு அழுத்தம்' என்றேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். உன் அம்மா இன்றைக்கு வரைக்கும் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள், பெருமையாகக்கூடச் சொல்கிறாள். இருபத்தாறு வருஷமாக ஒரு வாத்தியார் திருத்தாமல் வைத்திருக்கிற தப்பு இது. அதற்குப் பிறகு உன் வாயிலிருந்து 'ரொம்ப' என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. காலேஜில் கேட்டால் பரவாயில்லை, கல்யாணத்தன்று கேட்டால் பரவாயில்லை, அங்கே போய் இறங்கியதும் பரவாயில்லை.

அன்றைக்கு நான் கேட்ட பெயரடை 'லோன்லி'. லோன்லி ஆஸ் ஹெல். இதற்கு நன்னூலில் ஆறு சொல்லையும் போட்டுப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மருமகள் பற்றியும் கேட்கவில்லை. வீட்டில் இருக்கிறாள் என்றால் சந்தோஷம். இல்லையென்றால் அதை மறைத்து நைட் ஷிஃப்ட் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தை விஷயத்தில் ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டிருந்து கடைசியில் என்ன ஆயிற்று என்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யார் மேல் தப்பு என்று நான் பார்க்க மாட்டேன். சிவப்புப் பேனா இப்போது கையில் இல்லை.

இதைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பலாம் என்று பார்த்தேன். எனக்குச் சரியாக எடுக்க வராது, அக்கா மகளிடம் கொடுத்தால் படித்துவிடுவாள். தபாலிலேயே வரட்டும், எத்தனை நாள் ஆனாலும். வந்த பிறகு ஒரு ஞாயிறு, உனக்கு மத்தியானம் பன்னிரண்டு ஆகும்போது கூப்பிடு. இங்கே ராத்திரி பத்தரை. அம்மா தூங்கியிருப்பாள், நான் மொட்டை மாடியில் இருப்பேன். எத்தனை 'ரொம்ப' வேண்டுமானாலும் போட்டுக்கொள்.

கடலைமிட்டாயைப் பிரித்தால் டப்பாவில் போட்டு மூடி வை, நமுத்துவிடும். கம்பளி.

அன்புடன்
அப்பா

பி.கு: அம்மா கேட்டால், அப்பா ஆங்கில இலக்கணம் பற்றி எழுதியிருந்தார் என்று சொல்.