தூண்டில் மீன்பிடிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டின் வேலை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையில் நடந்தது. அதிலும் ராடு (தூண்டில் கோல்) நுனியில் இருக்கும் சிறு கைடுகளை, அதாவது தூண்டில் இழை ஓடும் வளையங்களை, கழற்றிக் கட்டுவதே மிகுதி என்பதால் அறிக்கையும் அதைப் பற்றியே பேசுகிறது.

பழுதுக்கு வந்தவற்றில், கைடின் காலை ராடோடு சேர்த்து நூல் சுற்றியதில் குறை அபூர்வம். அந்த நூலின் மேல் பூசும் எபாக்ஸிதான் (இரு பாகம் கலந்து இறுகும் பசை) கெடுத்திருந்தது: வாரக்கணக்கில் பிசுபிசுப்பு, வெண்படலம், அல்லது கைடின் காலில் கொழுக்கட்டை பிடித்ததுபோல் திரட்சி. மூன்றாவதை அழகுக் குறை என்று விட்டுவிடக் கூடாது. மெல்லிய நுனியில் ஏறும் ஒவ்வொரு துளியும் ராடை மந்தமாக்கும். எடை குறையட்டும் என்று சிறு கைடு வாங்கிவிட்டு, அந்த எடையை எபாக்ஸியாக ஏற்றிக்கொள்வதில் என்ன லாபம்?

பழைய கைடைக் கழற்றும்போது ஹேர் டிரையரால் சூடாக்கி, கைடின் உலோகக் காலின் மேல் மட்டும் பிளேடை ஓட்டுங்கள். பிளாங்கில் (ராடின் வெறுங்கோலில்) பிளேடு பட்டால் கார்பன் இழை அறுபடும். அன்று ஒன்றும் தெரியாது, பெரிய மீன் இழுக்கும்போது அங்கேதான் முறியும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 5 எண் கைடு என்றால் துளை 5 மி.மீ. அல்ல, பெரும்பாலும் வளையத்தின் வெளிவிட்டம்தான் அந்த எண். பிரெய்டையும் (பின்னல் தூண்டில் இழை) லீடரையும் (அதன் முனையில் கட்டும் தனி இழை) இணைக்கும் முடிச்சு துளையில் தடையின்றிப் போகிறதா என்று பார்த்த பிறகே கட்டுங்கள்.

கைடின் கால் நுனியை அரத்தால் கத்தி முனைபோலச் சரிவாகத் தேய்க்க வேண்டும். படிபோல் நின்றால் நூல் ஏறாமல் இடைவெளி விழும். தேய்த்ததும் அடிப்புறப் பிசிறையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பிளாங்கைக் கீறும். கைடை 2 மி.மீ. அகல மாஸ்கிங் டேப் கீற்றால் நிறுத்திக்கொண்டு, கால் நுனிக்கு 2, 3 மி.மீ. முன்னாலிருந்து சுற்றத் தொடங்கலாம். நூலின் தொடக்க முனை 5, 6 சுற்றுக்கு அடியில் அகப்பட்டதும் மிச்சத்தை வெட்டுங்கள். சிறு கைடுக்கு 'ஏ' அளவு நைலான் நூல் போதும். அது ஏறத்தாழ 0.15 மி.மீ. தடிமன், 10 மி.மீ. நீளத்துக்கு 65 சுற்று பிடிக்கும். தையல் கடைப் பருத்தி நூல் வேண்டாம், அதன் பிசிறுகள் எபாக்ஸியில் முள்ளாக நிற்கும். சாதாரண நைலான் நூல் எபாக்ஸி பட்டதும் நிறம் இருண்டு கண்ணாடிபோலாகும் என்பதை நிறம் தேர்ந்தெடுக்கும்போதே நினைவில் வையுங்கள்.

சுற்றி முடித்த பிறகும் கைடை விரலால் மெல்ல நகர்த்த முடிய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் நேர்வரிசை பார்க்க வழியில்லை. முடிய 6 முதல் 8 சுற்று இருக்கையில் ஒரு நூல் கண்ணியை வைத்து அதன்மேல் சுற்றி, வெட்டிய முனையைக் கண்ணியில் கோத்து இழுத்தால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒற்றைக்கால் கைடானால் கடைசி 3, 4 சுற்றைக் காலின் முன்புறமாகவும் கடத்துங்கள். இல்லையேல் இழுவையில் கைடு உருவிக்கொண்டு வரும். பேனாவின் வழவழப்பான பின்பக்கத்தால் தேய்த்தால் நூலிடை இடைவெளி மூடும்.

இனி எபாக்ஸி. 5 நிமிடப் பசை கூடாது, மஞ்சளாகி வெடிக்கும். ராடுக்கென்று விற்கும் மெல்லிய வகையில் இரண்டு பாகத்தையும் சரிசமமாக எடுக்க வேண்டும். 1 மி.லி.க்கு 1 மி.லி. எடுத்தால் 0.1 மி.லி. பிசகுகூட 10 சதவீதப் பிழை. 3 மி.லி. வீதம் எடுத்தால் அதே பிசகு 3 சதவீதம்தான். மிச்சம் வீணாகிறதே என்று சில உறுப்பினர்கள் வருத்தப்பட்டார்கள். பிசுபிசுத்த கைடைச் சுரண்டி மறுபடி கட்டுவதை ஒப்பிட்டால் அது வீணே அல்ல. ரெசின், ஹார்டனர் என்ற அந்த இரண்டு பாகத்துக்கும் தனித்தனி சிரிஞ்ச் வையுங்கள். ரப்பர் பிஸ்டன் உள்ள சிரிஞ்சைத் தவிர்ப்பது நல்லது. அதன் சிலிக்கோன் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு விலகிக் குழி விழும். கைவிரல் எண்ணெயும் அதையே செய்யும்.

மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்கி அலுமினியத் தாளில் பரப்புங்கள். குமிழி தானாக வெளியேறும், கலவையும் சூடேறாமல் அதிக நேரம் தாங்கும். பூசும்போது முதலில் கைடின் காலோரத்தில் நூலுக்கடியில் விழும் சிறு சுரங்கத்தை நிரப்புங்கள், அங்கே காற்று நின்றால் உப்புநீர் புகும். பூசியதும் ராடை மோட்டாரில் சுழலவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் சுழற்சியை நிறுத்தினால் மிகை அடியில் திரளும். அதைப் பிரஷால் எடுத்துவிட்டு மறுபடி சுழற்றுங்கள். நிமிடத்துக்கு 9 சுற்று மோட்டாரில் 6 மணி நேரம் ஓடட்டும். ஒரு பூச்சா இரண்டா என்ற வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. இச்செயலாளரின் கட்சி, மெல்லியதாக இரண்டு. இரண்டாவது 24 மணி நேரத்துக்குள் விழ வேண்டும், தாமதித்தால் மேற்பரப்பை லேசாக உரசிவிட்டுப் பூச வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசியவைதான் வெண்படலம் கண்டவை. ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்வதே காரணம். மே மாத வெயிலிலோ கலவை பிரஷிலேயே இறுகத் தொடங்குகிறது, அப்போது விடியற்காலையில் பூசலாம். நைட்ரைல் கையுறை கட்டாயம், எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் விடாது.

வரும் ஆண்டில் அடைமழை மாதங்களில் பட்டறையில் கைடு கட்டுவது மட்டும் நடக்கும், பூச்சு தை பிறந்த பிறகே. மோட்டாரில் ஒரு நேரத்தில் ஒரு ராடுதான் ஏறும் என்பதால் உறுப்பினர்கள் பதிவேட்டில் பெயர் எழுதி முறைப்படி வரவும். சிரிஞ்சை அவரவரே கொண்டு வரவும்.

செயலாளர்