வீதியோர மரங்களைப் பார்ப்பது யார் பொறுப்பு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற கார்த்திகையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்ற பெரிய வேம்பு, காற்று அதிகமில்லாத ஒரு காலையில் அடியோடு முறிந்து, ஒரு மதிலையும் மின்கம்பிகளையும் விழுத்தியது. பாடசாலைப் பிள்ளைகள் அவ்விடத்தைக் கடந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. அடிமரம் கோறை விழுந்து கறையான் ஏறியிருப்பதையும், வேரடியில் விசிறி போலக் காளான் படர்ந்திருப்பதையும் ஓராண்டுக்கு முன்னரே எழுத்தில் அறிவித்திருந்தோம். வீதி எவருக்கு உரியது என்ற கேள்வியோடு அந்தக் கடிதம் அலுவலகங்களைச் சுற்றியதே தவிர, மரத்தைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் பொதுப் பாதைகளின் நிர்வாகத்தைச் சபைகளிடம் ஒப்படைத்துள்ளது. பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ மாகாணத் திணைக்களத்துக்கோ உரியவையாயினும், அங்கு நிற்கும் மரத்தின் நிலையை முதலில் அறியக்கூடியது உள்ளூராட்சி சபையே என்பதால், அறிந்ததை உரியவருக்கு எழுத்தில் அறிவித்துப் பின்தொடர்வதும் அதன் கடமை என்றே கருதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல இடங்களில் சுண்ணக்கல்லின் மேல் மண் மெல்லிய படையாகவே கிடப்பதால் வேர்கள் பக்கவாட்டில் பரவுகின்றன. வாய்க்கால் வெட்டும்போதும், குழாய் புதைக்கும்போதும், வீதியை அகலிக்கும்போதும் அறுபடுபவை அந்த வேர்களே. மின்கம்பிக்காக ஒருபக்கக் கொப்புகளை மட்டும் வெட்டும்போது பாரம் மறுபக்கம் சரிவதோடு, வெட்டுவாய் வழியே நீரும் பூஞ்சணமும் உள்ளே இறங்குகின்றன. பச்சைப்பசேலென்று நிற்கும் மரம் உள்ளே உக்கிப்போயிருப்பது வீதியால் போகிறவருக்குத் தெரியாது. அடிமரத்தைத் தட்டிப் பார்த்து, வேரடியைக் கிளறிப் பார்க்கப் பழகியவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு எழுதுகிறேன். வேம்பு விழுந்த கிழமையே, அந்தப் பயத்தில், அதே ஒழுங்கையில் ஒரு குறையுமில்லாத இரண்டு மரங்களும் தறிக்கப்பட்டன. தெரிந்த ஒருவர் வந்து பார்த்திருந்தால் ஒன்று போயிருக்கும், இரண்டு நிழல் தந்துகொண்டிருக்கும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும். நிற்கும் மரத்தைச் சோதிப்பதற்கு அத்தகைய ஒழுங்கு எதையும் எங்கள் பகுதியில் நான் கண்டதில்லை.

ஆகவே, ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் வீதியோர மரங்களுக்கு ஒரு பதிவேடு வைத்து, ஆவணியிலேயே, மாரி மழைக்கு முன்னதாக, பாடசாலை, வைத்தியசாலை, பேருந்துத் தரிப்பிடம் ஆகியவற்றின் அருகிலிருந்து பரிசோதனையைத் தொடங்க வேண்டும். சபைகளின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கு வேண்டிய பயிற்சியை, கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திடம் கேட்டுப் பெறலாம். தவிசாளர்களும் உறுப்பினர்களும் அடுத்த அமர்விலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஒரு வாசகர்,
யாழ்ப்பாணம்.