நான் ட்ரூரோ கப்பலில் வந்தவன் இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் தமிழ்ப் பாட்டுக் கச்சேரி நடத்தும் சங்கத்தாருக்கும் அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். போன வருடம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். இடைவேளை முடிந்து மூன்றாவதாகப் பாடியது என் பாட்டு. தைப்பூசக் காவடிக்கென்று நான் எழுதி, தம்பி மெட்டுப் போட்டது. சனம் கைதட்டிக்கொண்டு கூடவே பாடியது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, மறைப்பானேன். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "நம்ம பாட்டன் பூட்டன் கப்பலில் கொண்டுவந்த பாட்டு" என்றார். நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதலில் ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்தது 1860-ல். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் போய்ப் பார்த்தேன். கீபோர்டு ஸ்டாண்டில் செலோடேப் போட்டு ஒட்டிய தாள் ஒன்று. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் சொல், சுருதி, டிராக் (பதிவு செய்த பின்னணி இசை) நம்பர். எழுதியவர் பெயர் ஒன்றுக்குக்கூட இல்லை. "இதை எங்கே அனுப்புவீர்கள்?" என்று கேட்டேன். "எதுக்கு அனுப்பணும்?" என்றார்கள்.

அதற்குத்தான் இந்த மடல். பாடகருக்கும் வாத்தியக்காரர்களுக்கும் நீங்கள் கொடுப்பது அவர்கள் உழைப்புக்குக் கூலி. பாட்டை மேடையில் பாட அனுமதி வேறு. அதற்கு இந்நாட்டில், பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரிமைப் பணம் வசூலித்துக் கொடுக்கும் சங்கமான சாம்ரோவிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியவர் நிகழ்ச்சி நடத்துபவர் அல்லது மண்டபத்துக்காரர், பாடகர் அல்ல. 2017-ல் அனுமதி இல்லாமல் தன் பாட்டை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனபோது, பாடுகிறவர் எதற்குக் காசு கட்ட வேண்டும் என்று இங்கேயும் வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. நம் ஊர் நடைமுறையில் அந்தக் கேள்வி உங்களிடம்தான் வரும்.

உங்களில் சிலர் ஒழுங்காக லைசென்ஸ் எடுக்கிறீர்கள், தெரியும். ஆனால் கட்டிய பணம் யார் யாருக்குப் போக வேண்டும் என்பது, அன்று என்னென்ன பாடினார்கள் என்ற பட்டியலைப் பொறுத்தது. எங்கள் பாட்டை சாம்ரோவில் பதிந்துதான் வைத்திருக்கிறோம். பட்டியலே போகாவிட்டால் பாடியது அவர்களுக்கு எப்படித் தெரியும்? 'பழம்பாடல்' என்று எழுதி அனுப்பினால் அது இன்னும் மோசம். எழுதியவர் செத்து 50 வருடம் ஆன பிறகுதான் பாட்டு ஊர்ப் பொதுச்சொத்து என்கிறது இந்நாட்டுச் சட்டம். நான் இன்னும் சாகவே இல்லை.

சினிமாப் பாட்டுக்கும் இதே கதைதான். சாம்ரோ மாதிரியே இந்தியாவில் இருக்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் இருக்கும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் இங்கிருந்து பங்கு போக வழி இருக்கிறது. பட்டியலில் படத்தின் பெயரை மட்டும் எழுதினால் அவர்களைத் தேடிப் பிடிப்பது யார்? டிராக் போட்டுப் பாடினால் அந்த ஒலிப்பதிவின் உரிமை தனி விவகாரம்; அதை இன்னொரு நாள் பேசலாம்.

பாடகர் சாலமன் லிண்டாவை உங்களுக்குத் தெரியும், நம் நட்டால் மண்ணில் பிறந்தவர். 1939-ல் அவர் பதிவு செய்த 'ம்புபே' பாட்டு, 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று உலகத்தையே சுற்றியது; உரிமைக்கு அவர் கையில் வந்தது பத்து ஷில்லிங். 1962-ல் இறந்துபோனார். பிள்ளைகளுக்கு ஒரு சமரசம் கிடைத்தது 2006-ல். அவரையாவது ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள். எங்களுக்கு அந்தத் தாளே கிடையாது.

எனக்கு வர வேண்டியது பெரிய தொகை இல்லை. ஒரு கச்சேரிக்கு ஒரு பாட்டு என்றால் ரேண்டில் எண்ணி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பாட்டு காவடிக் காலத்தில் ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று எத்தனை மேடை ஏறுகிறது!

அடுத்த நிகழ்ச்சிக்கு பேண்ட்காரர்களோடு பேசும்போதே பாட்டுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். பாட்டு, எழுதியவர், மெட்டுப் போட்டவர் என்று மூன்று பத்தி போதும். யார் எழுதியது என்று தெரியாவிட்டால் 'பழம்பாடல்' என்று போடுவதற்கு முன் நாலு பேரைக் கேளுங்கள். சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு வேண்டுமானால் நானே ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன். டீ மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் பாட்டுக்காரன் ஒருவன்